இரத்தோட்டையில் கால் கழுவிய ஞாயிறு

சனிக்கிழமை காலை 6.40க்குக் கண்டியில் பஸ் ஏறினேன். பையில் நாற்பது பொலித்தீன் பைகள், லேபல் கட்டு, குறிப்புப் புத்தகம், அலுவலகக் கடிதம், ஒரு மாற்றுடை. கையில் சாக்கில் சுற்றிய மூன்றடி இரும்புக் குழாய். அதைத் தரையில் இறக்கித்தான் மண் மாதிரி எடுப்போம். மாத்தளைக்கு இருபத்தாறு கிலோமீட்டர், டிக்கெட் எட்டு ரூபாய். தொண்ணூறுகளின் நடுப்பகுதி, போர்க்காலம். மண் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்து எட்டு மாதமாகியிருந்தது. தனியாகப் போகும் முதல் வேலை. இரத்தோட்டைக்கு மேலே ஜேக்கப் என்ற கனடா நாட்டு விவசாயியின் மிளகுக் கொடிகள் வாடிக்கொண்டிருந்தன.

8.15க்கு மாத்தளை. அவருடைய தோட்டத்தில் வேலை செய்யும் செல்லையா காத்திருந்தார். நாற்பது வயதிருக்கும்.

"நீங்கதானே மண்ணு மிஸ்? குழாயக் குடுங்க. நீங்க தூக்கிட்டு வந்தா ஊரே என்னப் பாத்துச் சிரிக்கும்."

பிளேன்டீ வாங்கித் தந்தார். காசு கொடுக்கப் போனேன், விடவில்லை. இரத்தோட்டை பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்துவிட்டு அவர் நின்றுகொண்டே வந்தார்.

9.05க்கு இராணுவச் சோதனைச் சாவடி. எல்லோரும் இறங்கி நடந்தோம். சிப்பாய் சாக்கைப் பிரித்துக் குழாயைப் பார்த்தான். என்னுடையது என்று கடிதத்தைக் காட்டினேன், அது சரியாகிவிட்டது. செல்லையாவிடம் அடையாள அட்டை இல்லை. தோட்டத் தமிழர் பலரையும் போல அவருக்கும் பிரஜாவுரிமைக் காகிதம் இன்னும் வரவில்லை. ஜேக்கப் எழுதிய கடிதம் மட்டும்தான் இருந்தது.

சிப்பாய் என் பக்கம் திரும்பிச் சிங்களத்தில் கேட்டான்: "நோனா, இவரைத் தெரியுமா?"

"இன்றைக்குத்தான் பார்த்தேன்" என்றேன்.

அதில் பொய் இல்லை. செல்லையாவை ஓரமாக மணல் மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். பஸ் ஹோர்ன் அடித்தது. நான் குழாயை எடுத்துக்கொண்டு ஏறிவிட்டேன்.

பஸ்ஸை விட்டிறங்கி வழி கேட்டு ஏறி, 10.30க்குத் தோட்டம். ஜேக்கப் நெடிய மனிதர். தோள்பட்டி வைத்த கறுப்புக் காற்சட்டை, வைக்கோல் தொப்பி. இங்கே வந்த பதினோரு வருடத்தில் மலையகத் தமிழ் நன்றாகவே வந்திருந்தது.

"செல்லையா எங்க?"

"சாவடியில வச்சிருக்காங்க. அட்டை இல்லன்னு."

இதிலும் பொய் இல்லை. அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. சாவடிக்கு நான்கு கிலோமீட்டர் இறக்கத்தில் நடந்தே போனார்.

நான் மாதிரி எடுத்தேன். வேறென்ன செய்வது? செல்லையாவின் மனைவி ராசம்மா பைகளைப் பிடித்துத் தந்தாள். வேலிக்கு வெளியே இரண்டு வரிசை மரவள்ளி எதற்கு என்று கேட்டேன்.

"அது பன்னிக்கு மிஸ். காட்டுப்பன்னி சுட துவக்குக் குடுக்க வந்தாங்க, ஜேக்கப் அண்ணன் வேணாம்னுட்டாரு. ஆயுதம் தொடமாட்டாங்களாம், அவங்க சபையில. பன்னிக்குத் தனியா நட்டுட்டாரு. ஊரே சிரிக்குது. பன்னி ரெண்டு பக்கமும்தான் தின்னுது!"

சிரித்தாள். அடுத்த நொடி பாதையைப் பார்த்தாள். அன்று முழுக்க அவள் அந்தப் பாதையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாலை 5.20க்கு இருவரும் வந்தார்கள். செல்லையாவின் சட்டைப் பை கிழிந்திருந்தது, கன்னம் வீங்கியிருந்தது.

"என்னத் தெரியும்னு அண்ணன் பைபிள்ல கைவச்சு சத்தியம் பண்ணி ஒப்பம் போட்டா உடனே விடுறோம்னாங்க" என்றார் மனைவியிடம். "அண்ணன் பண்ணமாட்டேன்னுட்டாரு! சத்தியம் பண்ணாதன்னு அந்தப் புஸ்தகத்துலயே இருக்காம். ஆம்னு சொன்னா ஆம்தானாம். அதனால எனக்கு மூணு மணித்தியாலம் கூட."

"எனக்கு வெட்கமா இருக்கு செல்லையா" என்றார் ஜேக்கப். "ஆனா வேற மாதிரி சொல்ல எனக்குத் தெரியல."

"ஒங்க 'ஆம்'முக்கு சாவடிப் பெரியவரு கடைசில மசிஞ்சிட்டாருல்ல, விடுங்க அண்ணே."

என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஞாயிறு 8.00. மிளகு காயவைக்கும் தகரக் கொட்டகைதான் அவர்கள் கோயில். சிலுவை கிடையாது. உட்காரப் பலகை வாங்குகள், இரண்டு அலுமினியப் பேசின்கள், துவாலைகள். ஒன்பது பேர். வருடத்தில் இரண்டு முறை ஒருவர் காலை ஒருவர் கழுவுவார்களாம், ஆண்களுக்கு ஆண்கள், பெண்களுக்குப் பெண்கள். அதற்கு முன் ஜேக்கப் ஒவ்வொருவரிடமும் கேட்டார்: "யாரோடயாவது மனத்தாங்கல் இருக்கா?" இருந்தால் அங்கேயே பேசித் தீர்க்க வேண்டும். செல்லையாவின் முறை வந்தது.

"இல்லண்ணே. சமாதானம்."

நான் விருந்தாளி, அதுவும் இந்து. என்னிடம் கேட்கவில்லை. எழுந்து வெளியே போயிருக்கலாம். ஆனால் ராசம்மா தண்ணீரோடு என் முன்னால் முட்டி போட்டுவிட்டாள்.

"வேணாம் அக்கா, கால் எல்லாம் மண்ணு."

"மண்ணு மிஸ் காலு மண்ணாத்தானே இருக்கும்."

விரல் இடுக்குகளில் நேற்றைய சேற்றைத் தேய்த்தாள். தண்ணீர் சிவந்தது. நான் குனிந்து சொன்னேன்: "அக்கா, சாவடியில என்னைக் கேட்டாங்க. தெரியும்னு நான் சொல்லல."

"தெரியும். அவரு நேத்தே சொன்னாரு." தலையை நிமிர்த்தவில்லை. "மத்தக் காலத் தாங்க."

பிறகு நான் அவள் காலைக் கழுவினேன். குதிகால் முழுக்க வெடிப்பு. மண்ணைப் பற்றிப் படித்திருக்கிறேன். ஒரு காலை எப்படிப் பிடிப்பதென்று தெரியவில்லை.

2.10க்குப் புறப்பட்டேன். முப்பத்தாறு மாதிரிகள், பதினான்கு கிலோ. செல்லையா சாக்கோடு கூட நடந்தார். சாவடி தெரியும் வளைவுக்கு முன்னால் நின்று சாக்கை இறக்கினார்.

"நான் இதோட திரும்பிக்கிறேன் மிஸ். ஒங்களுக்கும் சங்கடம். பஸ் இங்கயே நிக்கும்."

எனக்கும். அந்த 'உம்' கண்டி வரை கூடவே வந்தது. சாவடியில் சொல்வதற்கு ஒரு சிங்கள வாக்கியத்தை வாய்க்குள் தயார் செய்திருந்தேன்: தெரியும், அவரை எனக்கு நன்றாகத் தெரியும். சிப்பாய் அட்டையைப் பார்த்தான், சாக்கைத் தட்டினான், போகச் சொன்னான். யாரைத் தெரியும் என்று அன்றைக்கு அவன் என்னிடம் கேட்கவே இல்லை.