மீராசா காக்காவின் காதுக் கம்பி

மீராசா காக்கா தன் கொட்டிலில், பழுதென்று வந்த மெசினுக்குப் பக்கத்தில் குந்துகிறார். முழ நீள இரும்புக் கம்பியின் ஒரு முனையை, சுழலும் தண்டைத் தாங்கும் பெயரிங்கின் மேல் வைத்து, மறுமுனையைக் காதுக்குப் பின்னாலுள்ள எலும்பில் அழுத்துகிறார். வாயிலிருக்கும் வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கி, மெல்லுவதை நிறுத்துகிறார். மெல்லும் சத்தம் மெசின் சத்தத்தோடு கலந்துவிடுமாம். நிந்தவூர் மெயின் றோட்டில் கல்முனை பஸ் வருகிறது. இடது கையை உயர்த்துகிறார். பஸ்ஸுக்கு அல்ல, எங்களுக்கு. தரையின் அதிர்வு அடங்கும்வரை யாரும் கதைக்கக் கூடாது.

"டொக்டர் மாதிரி வெச்சுப் பாக்கிறீங்களே காக்கா, மருந்தும் எழுதித் தருவீங்களா?" என்று கேட்டார் முகம்மது தம்பி. ஒலுவில் விவசாயி. தண்ணீர் இறைக்கும் மெசின் அவருடையது. வயலில் பயிர் குடலைப் பருவத்தில், தண்ணீர் தப்பக் கூடாத நேரத்தில் நிற்கிறது.

"மருந்து எனக்குத் தெரியா. மௌத்தாகிற நாள் சொல்லுவன். இந்தப் பெயரிங் வெள்ளிக்கிழமையோட சரி."

"வெள்ளிக்கிழமை மௌத்தெண்டா சுவர்க்கம்தானே காக்கா."

"அது சுவர்க்கத்துக்குப் போகும். பின்னால ஒங்கட பயிரும் போகும். கழட்டட்டா, வேணாமா?"

கழற்றினார்கள். பெயரிங்கின் உட்புறம் புழு அரித்ததுபோல் இருந்தது.

காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. சாரத்துக்கு மேல் இன்னும் பழைய வெளிநாட்டுக் கொம்பனியின் காக்கிச் சட்டையைத்தான் போடுகிறார். பையின் மேல் 7316 என்று நூலால் தைத்திருக்கும். பெயர் இல்லை. ஏன் என்று யாராவது கேட்டால், "அத்தின பேருக்குள்ள மீராசா எண்டு கூப்பிட்டா ஆரு திரும்பிப் பாப்பான்? நம்பரெண்டா நான் ஒராள்தான்" என்பார்.

கொட்டிலின் சுவரில் கண்ணாடி போட்ட ஒரு சான்றிதழ் தொங்குகிறது. ஆறு ஆண்டுகள் விபத்தின்றிப் பணியாற்றியமைக்காகக் கொம்பனி கொடுத்தது. "விபத்து எப்பிடி வரும்? ஒரு மெசினத் தொட விட்டானுகளா?"

வெளிநாடு போகுமுன் அவர் கல்முனை அரிசி மில் ஒன்றில் இருபது ஆண்டுகள் எஞ்சின் ஓட்டியவர். எங்கள் பக்கத்தில் மகளுக்கு வீடு இருந்தால்தான் மாப்பிள்ளை வருவார். அவருக்கு ஒரு மகள், வீடு இல்லை. எழுபத்தெட்டில் கொழும்பு ஏஜென்ட் படிவத்தில் 'துப்புரவாளர்' என்று எழுதினான். அரபு நாட்டு எண்ணெய்க் கொம்பனி அதையே நம்பியது. பாலைவனத்துப் பம்பு நிலையமொன்றில் ஆறு ஆண்டுகள் கூட்டினார். "மணல்ல கிடக்கிற மணலக் கூட்டி, மணல்ல கொண்டு கொட்டுறது. அதுக்கொரு சூப்பவைசர். அவனுக்கு மேல ஒரு சூப்பவைசர்."

அதே நிலையத்துக்கு நான் எண்பத்தொன்றில் டிப்ளோமாவோடு போனேன். அளவுமானிகளைப் பார்த்து எண்களை எழுதுவது என் வேலை. அதற்கு டிப்ளோமா தேவையில்லை என்று இரண்டாம் நாள் விளங்கியது. கொம்பனி என் அருமையை உணரவில்லை என்று மூன்றாம் நாள். அன்றிலிருந்து அந்த ஒரு விடயத்தில் மட்டும் அயராமல் உழைத்தேன்.

எண்பத்துமூன்றின் தொடக்கத்தில் ஒருநாள் காக்கா துடைப்பத்தைச் சாத்திவிட்டு மூன்றாம் நம்பர் பம்பில் கம்பியை வைத்தார். "தம்பி, இது ஒரு கிழம தாங்காது. மேல சொல்லுங்க" என்றார். என் அளவுமானிகள் எல்லாம் சரி என்றே காட்டின. சிரித்தேன். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று அறிக்கையில் எழுதினேன்: 'மூன்றாம் பம்பு, பெயரிங் பழுதடையும் அறிகுறி.' 'அவதானித்தவர்' என்ற இடத்தில் என் பெயர். துப்புரவாளரின் பெயரை எழுத அந்தப் படிவத்தில் இடமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கோடு போட்ட இடம் நாலு அங்குலம் இருந்தது.

நிறுத்திக் கழற்றிப் பார்த்தார்கள். காக்கா சொன்னது சரி. என் மேலதிகாரி என் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போட்டு மேலே அனுப்பினார். அவருக்குப் பாராட்டுக் கடிதமும் ஒரு மணிக்கூடும் கிடைத்தன. எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் திருடியதை இன்னொருவன் என்னிடமிருந்து திருடிவிட்டானே என்று மூன்று மாதம் கொதித்தேன்.

அந்தக் கொதிப்பை நாற்பது நிமிடம் கசெட்டில் பேசி வாப்பாவுக்கு அனுப்பினேன். வாப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது. எங்களுக்குக் கடிதம் என்றால் கசெட்தான். 'நான் காதால் கேட்டுக் கண்டுபிடித்ததை அவன் தன் பெயரில் போட்டுக்கொண்டான்' என்பதை மட்டும் நாலு தடவை சொல்லியிருக்கிறேன். லீவில் ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்துவிடுவது வழக்கம். அந்த மாதம் போனவர் மீராசா காக்கா. கசெட் கொண்டுபோகிறவரே அதைப் போட்டுக் காட்டிவிட்டு, தேநீர் குடித்துவிட்டு, பதிலையும் நாடாவில் பிடித்துக்கொண்டு வரவேண்டும் என்பதும் எங்கள் வழக்கம்தான். எனக்குத் தெரியாததல்ல. அவர் விமானம் ஏறிய பிறகுதான் ஞாபகம் வந்தது.

இரண்டு மாதத்தில் திரும்பி வந்தார். வாப்பாவின் பதில் கசெட்டைத் தந்து, "மாமா சுகமா இரிக்கார்" என்றுவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனார்.

கசெட்டில் வாப்பாவின் குரல்: "மனே, நீ சொன்னதெல்லாம் கேட்ட. மனசு சரியில்ல. மீராசாவும் இங்கதான் இரிக்கான். அவனே சொல்லட்டும், கேளு." பிறகு காக்காவின் குரல், கொஞ்சம் தூரத்திலிருந்து: "ஓம் மாமா. தம்பிதான் புடிச்சது. நான் பக்கத்துல கூட்டிக்கிட்டு நிண்ட. நல்ல காது." ஒரு செருமல். மறுபடி வாப்பா: "சின்ன வயசில நூறு தரம் கூப்பிட்டாலும் உனக்குக் கேக்காதேடா. அங்க போய் எப்பிடிக் காது திறந்த?" சிரிப்பு. அத்தோடு முடிகிறது.

அந்தச் சிரிப்பு நம்பியவரின் சிரிப்பா, நம்பாதவரின் சிரிப்பா என்று எனக்குத் தெரியாது. ஊருக்குப் போய் நேரில் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

போன வருடம் வாப்பா மௌத்தாகி மூன்றாம் நாள் தந்தி கிடைத்தது. லீவு கேட்டேன். "நீ இல்லாமல் இந்த நிலையம் ஓடாது" என்றார் மேலதிகாரி. நாலு ஆண்டில் அவர் வாயிலிருந்து வந்த ஒரே பாராட்டு. கேட்டு ஒரு கணம் எனக்கு உள்ளூரச் சந்தோசமாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன். நாலு மாதம் கழித்து ஒப்பந்தம் முடிந்து வந்தேன். நிலையம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

அதற்கு முன்னமே ஊர் திரும்பியிருந்த காக்கா, நான் இறங்கியிருக்க வேண்டிய கபுறுக் குழியில் தான் இறங்கி வாப்பாவை வைத்தாராம். உம்மா சொன்னா. அவர் சொல்லவில்லை.

இன்று நான் அவருடைய கொட்டிலுக்குப் போனது வாப்பாவின் ரேடியோ கசெட் பெட்டியோடு. பெல்ட் தளர்ந்து, வாப்பாவின் குரல் நோயாளியின் குரல்போல் இழுபடுகிறது. நோயில் அவர் எப்படிக் கதைத்தார் என்று நான் கேட்டதில்லை, கேட்கவும் விருப்பமில்லை. பெல்ட் மாற்ற எனக்கே தெரியும். அது ஒரு சாக்கு. அந்தப் பம்பைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருந்தது. மூன்று ஆண்டாகச் சொல்லவில்லை.

முகம்மது தம்பி மெசினை ஏற்றிக்கொண்டு போன பிறகு காக்கா என் பெட்டியைத் திறந்தார். சைக்கிள் ரியூப்பில் மெல்லிய வளையமொன்றை வெட்டிப் பெல்ட்டுக்குப் பதிலாகப் போட்டார். வெற்றிலையை ஒதுக்கி, கம்பியைச் சின்ன மோட்டாரில் வைத்துக் கேட்டார்.

"ஓடும். உள்ள ஆரு?"

"வாப்பா."

விசையை அழுத்தினார். வாப்பா சரியான வேகத்தில் கதைத்தார். "மனே, நீ சொன்னதெல்லாம் கேட்ட."

"காக்கா," என்றேன். "அந்த மூணாம் நம்பர் பம்பு..."

இடது கையை உயர்த்தினார். நான் றோட்டைப் பார்த்தேன். பஸ் எதுவும் வரவில்லை.

"அவனே சொல்லட்டும், கேளு" என்றார் வாப்பா. காக்காவின் வலது பெருவிரல் ஒலித் திருகை ஓசையில்லாமல் அடிவரை இறக்கியது. அவருடைய குரல் இருந்த இடத்தில் நாடா வெறுமனே சுழன்றுகொண்டிருந்தது. அவர் உதடுகள் மட்டும் எதையோ எண்ணின. பிறகு பெருவிரல் திருகை மேலே ஏற்றியது. "சின்ன வயசில" என்று வாப்பா தொடங்கினார். வாப்பாவின் ஒரு சொல்லும் தவறவில்லை. காக்கா கையை இன்னும் இறக்கவில்லை, வெற்றிலை கன்னத்தில் அசையாமல் இருந்தது.