‘ம’வுக்கு இடம் போதவில்லை

அச்சகத்தில் அவரை எல்லோரும் ‘அகலம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். உடம்பைப் பார்த்து வைத்த பெயர் இல்லை. கதவு பாதி சாத்தியிருந்தாலும் இடிக்காமல் நுழைந்துவிடக்கூடிய ஆள் அவர். தொழிலைப் பார்த்து வைத்த பெயர். அந்தத் தொழில் என்னவென்று யாராவது கேட்டால் அவர் மனைவி, “எழுத்துக்கெல்லாம் இடுப்பளவு எடுக்கிறார்” என்பார். கேட்டவர்கள் அதற்கு மேல் கேட்பதில்லை. சிலர் ஒரு அடி தள்ளியும் நின்றுகொள்வார்கள்.

விஷயம் அவ்வளவு விபரீதமானதில்லை. புத்தகத்துக்குப் பக்கம் கோக்கும் கணினி நிரல் ஒன்று அச்சகத்தில் இருந்தது. அதற்கு எழுத்தே தெரியாது. ‘அ’ எங்கே வளைகிறது, ‘ழ’ எங்கே சுழிகிறது என்பதெல்லாம் அதற்கு அனாவசியம். ஒவ்வொரு எழுத்தும் எத்தனை அகலம், எத்தனை உயரம், வரிக்குக் கீழே எத்தனை இறக்கம் என்று ஒரு அளவுக் கோப்பைக் கொடுத்தால் போதும். ஆளைப் பார்க்காமல் அளவுச் சீட்டைப் பார்த்தே சட்டை தைக்கும் தையல்காரர் மாதிரி, வெறும் பெட்டிகளை அடுக்கி, வரியை உடைத்து, பக்கத்தை முடித்து, பக்க எண்ணும் போட்டுவிடும். எழுத்துகள் பிற்பாடு சாவகாசமாக வந்து பெட்டிக்குள் உட்கார்ந்துகொள்ளலாம்.

சிக்கல் என்னவென்றால், இந்தக் காலத்து எழுத்துருக்கள் தங்கள் அளவைச் சொல்லும் விதம் ஒன்று, அந்தக் காலத்து நிரல் கேட்கும் விதம் வேறு. நிரலை மாற்றலாமே என்றால் முதலாளி ஒப்புக்கொள்ள மாட்டார். “அது என்னைக்காவது லீவு கேட்டிருக்கா? சம்பளம் ஏத்தச் சொல்லியிருக்கா?” என்பார், அகலத்தைப் பார்த்துக்கொண்டே. ஆகவே அளவுக் கோப்பை ஒரு பாஷையிலிருந்து இன்னொரு பாஷைக்கு மாற்றிக் கொடுப்பது அகலத்தின் உத்தியோகம். அதற்கென்று ‘மாற்றி’ என்று இன்னொரு சின்ன நிரல் வைத்திருந்தார். அதை ஓடவிட்டால் திரையில் எச்சரிக்கைகள் மளமளவென்று ஓடும். அகலம் அவற்றைப் படித்ததே இல்லை. “அது கத்துறது அதோட சுபாவம். நாம பாட்டுக்கு நம்ம வேலையைப் பார்க்கணும்” என்று டீ குடிக்கப் போய்விடுவார். வீட்டிலும் இதே கொள்கையால்தான் நிம்மதியாக இருந்தார்.

வீட்டில் மூன்று பேர். அவர், மனைவி, மாமியார். மாமியார் கடைப் பலகை எழுதுகிறவர். ஊரில் பாதிக் கடைகளின் பெயர் அவர் கைப்பட எழுதியதுதான். வயதான காலத்தில் ஏறி இறங்கி விழுந்து வைக்கப் போகிறாரே என்று மகள் ஏணியை ஒளித்து வைத்துவிட்டார். மாமியார் அதற்காகச் சண்டை போடவில்லை. சாப்பாட்டு மேசையைப் பிடித்துக்கொண்டார். பெரிய பெரிய தாள்களை விரித்து, புத்தகத்துக்கான எழுத்து வரைய ஆரம்பித்தார். குடும்பம் அன்றிலிருந்து தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுகிறது.

“பலகையை ஜனங்க நடந்துக்கிட்டே பார்க்கறாங்க, மாப்பிள்ளை. யாரும் நின்னு படிக்கறதில்ல. ஒரு தடவையாவது என் எழுத்தை ஒருத்தர் உட்கார்ந்து படிக்கணும்” என்றார் ஒருநாள். அவர் வாயிலிருந்து அகலம் கேட்ட ஒரே ஆசை அதுதான். மற்றதெல்லாம் உத்தரவுகள்.

அந்த நேரம் பார்த்து ஒரு டாக்டர், குடும்ப வைத்தியக் களஞ்சியம் ஒன்றை எழுதிக்கொண்டு அச்சகத்துக்கு வந்தார். தலையணைக்குத் தலையணையாகவும் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவு பெரிய புத்தகம். அகலம் மாமியாரின் தாள்களை முதலாளியிடம் காட்டினார். முதலாளிக்கு எழுத்து பிடித்துவிட்டது. ஆனால் பொறுமை பிடிக்காது. “எழுத்து வரைஞ்சு முடியட்டும். ஒவ்வொரு எழுத்தோட அகலத்தை மட்டும் முதல்ல கேட்டு வாங்கு. நாம பக்கத்தை முடிச்சுடுவோம்” என்றார்.

பெண் வருவதற்கு முன்பே பெண்ணின் அளவுக்குக் கட்டில் செய்கிற காரியம் இது. ஆனால் அந்த அச்சகத்தில் அது சகஜம். மாமியார் பென்சில் கோட்டிலிருந்தே ஒவ்வொரு எழுத்துக்கும் அகலம் சொன்னார். அகலம் மாற்றியை ஓடவிட்டார், அது வழக்கம்போல் கத்தியது, அவர் வழக்கம்போல் டீக்குப் போனார். ஒரு எழுத்துகூட இல்லாமல் மொத்தப் புத்தகமும் பக்கம் பக்கமாக முடிந்தது. வாந்தி எந்தப் பக்கம், வயிற்றுவலி எந்தப் பக்கம் என்று கடைசியில் வரும் சொல்லடைவும் தயார். பச்சை நிறக் காகிதம் கொஞ்சம் கைவசம் இருந்ததால் முதலாளி அந்தச் சொல்லடைவை முன்கூட்டியே அச்சடித்தும் வைத்துவிட்டார்.

எழுத்துகள் வந்து பெட்டிகளில் உட்கார்ந்தபோதுதான் புரூஃபில் ஒரு கோளாறு தெரிந்தது. ‘ம’ பக்கத்து எழுத்தை இடித்தது. எல்லா இடத்திலும் இடித்தது.

“அத்தை, உங்க ‘ம’ கொஞ்சம் பெருத்துடுச்சு போல. பக்கத்துல இருக்கறவங்களை முழங்கையால தள்ளுது” என்றார் அகலம்.

மாமியார் புரூஃபை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார். மறுநாள் ‘ம’வை ஒடுக்கி வரைந்து கொடுத்தார். இடிப்பது நின்றது. முதலாளி சந்தோஷப்பட்டார். மாமியார் மட்டும் சாப்பிடும்போதும் அந்தப் பக்கத்தையே முறைத்துக்கொண்டிருந்தார். ஒரு வாரம் முறைத்தபின் தட்டைக் கீழே வைத்தார்.

“இது வெளிய போகாது, மாப்பிள்ளை.”

“எது அத்தை?”

“என் எழுத்து. ‘ம’வைப் பாருங்க. எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பந்தியில இது ஒண்ணு மட்டும் பட்டினி கிடந்த மாதிரி இருக்கு. ஆயிரத்துல ஒரு முப்பது பங்கு அகலம் கூட்டுங்க. இல்லன்னா என் எழுத்தையே மொத்தமா எடுத்துடுங்க.”

எழுத்தின் உயரத்தை ஆயிரமாக வகுத்தால், அதில் முப்பது என்பது தலைமுடியைவிடக் கொஞ்சம் அதிகம். ஆனால் இது வைத்தியப் புத்தகம். மருந்து, மாத்திரை, மார்புச்சளி, மலச்சிக்கல், மயக்கம் என்று ‘ம’ இல்லாமல் ஒருவருக்குத் தும்மல்கூட வராது. ஒவ்வொரு ‘ம’வும் ஒரு முடி அளவு நகர்ந்தால் வரி வழியும், பக்கம் வழியும், வயிற்றுவலி வாந்தியின் பக்கத்துக்குப் போகும், பச்சைக் காகிதம் அத்தனையும் பொய் சொல்லும்.

முதலாளி கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். “சொல்லடைவைத் தூக்கிப் போட்டுத்தான் ஆகணும்னா, கடையில வாங்கின பழைய எழுத்துருவுலயே புத்தகத்தைப் போட்டுடலாம் அகலம். அது யாருகிட்டயும் கோவிச்சுக்காது. வெள்ளிக்கிழமை வரைக்கும் பாரு.”

ஆக, ஒல்லி ‘ம’வை மாமியார் விடமாட்டார், குண்டு ‘ம’வைப் பக்க எண் விடாது. இரண்டுக்கும் நடுவில், மெலிந்த உடம்போடு, அகலம்.

“நீங்க உங்க அம்மாகிட்ட பேசிப் பாரேன்” என்று மனைவியிடம் கெஞ்சினார். பதற்றத்தில் மரியாதையும் உரிமையும் ஒரே வாக்கியத்தில் வந்து விழுந்தன.

மனைவிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. நாளெல்லாம் எழுத்துப் பலகையைக் காட்டி, “இது தெரியுதா, இது?” என்று கேட்பவர். அவர் இரண்டு புரூஃபையும் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். “ஒல்லியா இருக்கறது மங்கலாத்தான் தெரியுது. அம்மா சொல்றதுல நியாயம் இருக்கு. என்னை இழுக்காதீங்க” என்று உள்ளே போய்விட்டார்.

அகலம் மேசைக்குத் திரும்பினார். “சரி அத்தை. முப்பதுன்னு எந்தக் கணக்குல சொன்னீங்க?”

“என்ன கணக்கு? முதல்ல நான் போட்டது அதுதானே. நீங்க இடிக்குதுன்னீங்க, நான் முப்பது செதுக்கினேன். கைக்கு வயசாயிடுச்சு போல, கண்ணளவு தப்பிடுச்சுன்னு நினைச்சு...” மாமியார் முடிக்கவில்லை. பென்சிலைச் சீவ ஆரம்பித்தார்.

அகலத்துக்கு எங்கோ ஒரு ஆணி குத்தியது. முதல் அகலத்தைச் சொன்னதும் மாமியார்தான், முதல் எழுத்தை வரைந்ததும் மாமியார்தான். இரண்டும் ஒன்றுதான் என்றால், அந்த எழுத்து அந்தப் பெட்டிக்குள் ஏன் அடங்கவில்லை?

அச்சகத்துக்குப் போய், மாமியார் சொன்ன அகலத்தையும் நிரலுக்குப் போன அகலத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தார். ‘ம’வுக்கு முப்பது குறைந்திருந்தது. ‘ப’வுக்கு என்ன அகலமோ அதே அகலம் ‘ம’வுக்கும் இருந்தது. தன் வாழ்க்கையில் முதன்முறையாக எச்சரிக்கைகளை உட்கார்ந்து படித்தார். அது பாவம், கரடியாகக் கத்தியிருந்தது. பழைய நிரல் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் விதவிதமான அகலங்களை ஏற்காது. மிஞ்சினால், அந்த மாற்றி கிட்டத்தட்ட சமமான அகலங்களைச் சேர்த்து ஒன்றாக்கிவிடும். கடையில் விற்கும் எழுத்துருக்களில் பாதி எழுத்துக்கு ஒரே அகலம் இருக்கும், வம்பே வராது. மாமியார் பலகைக்காரர். ஒவ்வொரு எழுத்துக்கும் அதனதன் உடம்புக்கேற்ற இடம் கொடுத்துப் பழகியவர். கூட்டம் அதிகமாகி, அந்த மாற்றி ‘ம’வைப் பிடித்து ‘ப’வின் சட்டைக்குள் திணித்துவிட்டது.

அகலம் முதலில் இதை மனைவியிடம் சொன்னார். சமையலறை வாசலில் நின்று, குரலைத் தாழ்த்தி.

மனைவி சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கரண்டி விழுந்தது. “சொல்லாம விட்டா என்ன ஆகும்?” என்று கேட்டார் அகலம்.

“ஒண்ணும் ஆகாது. அம்மா கை கெட்டுப்போச்சுன்னு நினைச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க. அவ்வளவுதான்.”

அகலம் கூடத்துக்குப் போனார். நின்றுகொண்டே சொன்னார். நிரல், மாற்றி, அகலங்களின் எண்ணிக்கை என்று சுற்றி வளைத்தார். மாமியார் கையைக் காட்டி நிறுத்தினார்.

“சுருக்கமா சொல்லுங்க. நான் வரைஞ்சது சரியா?”

“சரி அத்தை.”

“கத்துச்சுன்னு சொன்னீங்களே, அந்த மெஷின். அப்ப நீங்க எங்க இருந்தீங்க?”

“டீ குடிக்கப் போயிருந்தேன்.”

மாமியார் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு முகம் முழுக்க ஒரு சிரிப்பு பரவியது. “நான் ஒரு வாரமா உப்பு, புளி இல்லாம சாப்பிட்டேன், மாப்பிள்ளை. ரத்தக் கொதிப்புல கை நடுங்குதோன்னு. உங்க ஒரு கிளாஸ் டீக்கு நான் பத்தியம் இருந்திருக்கேன்.” அதன்பின் ஒரு மணி நேரம் அவரை வறுத்தெடுத்தார். வறுபட வறுபட அகலத்துக்கும் உற்சாகம் வந்துவிட்டது.

எழுத்தைச் சரிசெய்வது லேசாக முடிந்தது. ‘ஙூ’வும் ‘ஞூ’வும் ஒரே அகலத்தைப் பகிர்ந்துகொள்ளட்டும் என்று அகலம் தீர்மானித்தார், எந்த நோயாளியும் இதுவரை அந்த எழுத்துகளால் அவதிப்பட்டதாகத் தெரியவில்லை. அதில் மிஞ்சிய ஓர் அகலத்தில் ‘ம’ தன் இடத்தைத் திரும்பப் பெற்றது. பக்க எண்தான் பாக்கி. சொல்லடைவுக்கு வரி எங்கே உடைகிறது என்ற கவலை இல்லை, பக்கம் எங்கே உடைகிறது என்பதுதான் கவலை என்று அகலத்துக்கு உறைத்தது. ஒவ்வொரு பக்கமும் முன்பு தொடங்கிய சொல்லிலேயே தொடங்க வேண்டும் என்று பூட்டுப் போட்டுவிட்டு, உள்ளே வரிகளை அவை இஷ்டத்துக்கு விட்டார். சொற்களுக்கு நடுவிலிருந்த வெற்றிடம் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி ‘ம’வுக்கு வழிவிட்டது. இரண்டு கை விரல்களுக்குள் அடங்குகிற அளவுக்குப் பக்கங்கள் மட்டும் ஒரு வரி வழிந்து நின்றன. அவற்றில் டாக்டர் நாலு வார்த்தை வெட்டினால் தீர்ந்தது.

டாக்டர் தன் எழுத்தில் கமாவைக்கூட வெட்ட விடாதவர் என்று பெயர். போன் செய்தால் எடுக்கவும் மாட்டார். நோயாளிகளைப் பார்க்கவே நேரமில்லை. வியாழக்கிழமை காலை மாமியார் அந்தப் பக்கங்களை மடியில் வைத்துக்கொண்டு, கிளினிக்கில் டோக்கன் வாங்கி உட்கார்ந்தார். துணைக்கு அகலம். இரண்டு பக்கமும் இருமல்.

உள்ளே போனதும் டாக்டர், “சொல்லுங்கம்மா, என்ன பண்ணுது?” என்றார்.

“ஒரு வரி வழியுது டாக்டர்.”

“எங்க?”

மாமியார் பக்கங்களை மேசையில் பரப்பினார். டாக்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். விஷயத்தை அகலம் விளக்கினார். டாக்டர் கையிலிருந்த பேனா முதல் பக்கத்தின் மேல் நெடுநேரம் தொங்கியது.

“எல்லாமே அவசியமான விஷயம்மா. எதை வெட்டச் சொல்றீங்க?”

“நான் உங்க வைத்தியத்துல கை வைக்கல. ஆனா பாருங்க, இங்க ‘உடனே மருத்துவரை அணுகவும்’. மூணு வரி தள்ளி மறுபடியும் ‘உடனே மருத்துவரை அணுகவும்’. இதோ, கீழயும். ஒரே ஆளை ஒரு பக்கத்துல எத்தனை தடவை அணுகறது?”

டாக்டர் பக்கங்களைப் புரட்டினார். வழிந்த பக்கங்கள் எல்லாவற்றிலும் அந்த வாக்கியம் குறைந்தது இரண்டு முறை இருந்தது. அவர் குலுங்கிச் சிரித்தார். “அதுதாம்மா என் பிழைப்பு” என்று சொல்லிக்கொண்டே, பக்கத்துக்கு ஒன்றை வைத்துவிட்டு மற்றதை அடித்தார். வெளியே இருமல் பலமானதால் வேகமாகவே அடித்தார்.

“ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ‘ம’ மிச்சம்” என்று திரும்பும் வழியில் அகலம் கணக்குப் போட்டார்.

“அதைப் போய் உங்க மெஷின்கிட்ட சொல்லுங்க. காது கொடுத்துக் கேட்டுட்டு சொல்லுங்க” என்றார் மாமியார்.

வெள்ளிக்கிழமை முதலாளி பச்சைக் காகிதத்தை ஒரு கையிலும் புதிய பக்கங்களை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு சரிபார்த்தார். வாந்தி வாந்தியின் பக்கத்திலேயே இருந்தது. “ஓட்டு” என்றார்.

புத்தகம் தைத்து அட்டை போட்டு வந்த அன்று அகலம் ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுவந்து மாமியார் கையில் கொடுத்தார். மாமியார் பூதக்கண்ணாடியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து, ‘ம’வைத் தேடிக் குனிந்தார். அகலம் எதிரில் பவ்யமாக உட்கார்ந்தார். என்ன குற்றம் கிளம்புமோ என்று பூதக்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவியும் வந்து கதவருகே நின்றுகொண்டார்.

ஒரு பக்கம் திரும்பியது. இன்னொரு பக்கம் திரும்பியது. பூதக்கண்ணாடி எப்போதோ மடியில் நழுவிக் கிடந்தது, அவர் கவனிக்கவில்லை. உதடு லேசாக அசைந்துகொண்டிருந்தது.

“அத்தை, ‘ம’ எப்படி இருக்கு?”

“இருங்க மாப்பிள்ளை” என்றார், தலையைத் தூக்காமல். “காதுக்குள்ள எண்ணெய் விடவே கூடாதாமே. இத்தனை வருஷமா விட்டுக்கிட்டு இருக்கோம். ஏன்னு சொல்றாரு, படிச்சுட்டு வர்றேன்.”