மாப்பிள்ளை வேற சபை

ஷெரின் அந்த வரனை வேண்டாம் என்றதற்குச் சொன்ன காரணத்தைக் கேட்டு, அவள் அம்மா கிருபாபாய் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பையன் குடிக்கிறான் என்றால் ஊரில் சொல்லலாம். கோபக்காரன் என்றாலும் சொல்லலாம். பையன் மேக் கம்ப்யூட்டர் வைத்திருக்கிறான் என்று எந்தச் சொந்தக்காரரிடம் போய்ச் சொல்வது?

ஷெரின் யார் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவளைத் திமிர் பிடித்தவள் என்றுதான் நினைப்பீர்கள். ராஜபாளையத்தில் காலையில் ஒரு நூல் கடையில் கணக்குப் பார்ப்பாள். மத்தியானத்துக்கு மேல் வீட்டுப் பின்னறையில் பாட்டுக்கு இசை அமைப்பாள். சபைக் கூட்டப் பாட்டு, பள்ளி ஆண்டு விழாப் பாட்டு, கடைத் திறப்பு விழாப் பாட்டு, எது வந்தாலும் சரி. பின்னறைச் சுவர் முழுக்கத் தலையணைகளை ஆணியடித்து மாட்டியிருப்பாள். எதிரொலி வராமல் இருக்க அப்படி ஓர் ஏற்பாடு. தலையணைகள் எல்லாம் தவசிமுத்து கொடுத்தவை. தவசிமுத்து வேனில் இலவம்பஞ்சுத் தலையணை விற்கிறவர். அவர் வண்டியின் ஒலிபெருக்கியில் ஓடும் விளம்பரப் பாட்டு ஷெரின் போட்டது. அதற்குக் கூலியாக அவர் தலையணையே தருவார். வீட்டில் மூன்று தலைகள்தான், தலையணைக்கோ கணக்கில்லை.

அந்த அறையின் ராஜா ஒரு பழைய விண்டோஸ் சிபியூ. சூடு தாங்காது என்று ஒரு பக்கத்து மூடியைக் கழற்றி, டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்திருப்பாள். வீட்டில் மனிதர்கள் வியர்த்து வழியும்போது காற்று வாங்குவது அது. அதற்குள்தான் அவளுடைய நாதஸ்வரம் இருந்தது. நிஜ நாதஸ்வரம் இல்லை, பிளகின். கீபோர்டில் கட்டையை அழுத்தினால் கம்ப்யூட்டருக்குள் வாத்தியம் வாசிக்கிற சங்கதி. யாரோ ஒரு புண்ணியவான் எழுதி இலவசமாகப் போட்டது. அவர் எங்கே போனாரோ தெரியாது, அவருடைய வலைப்பக்கமும் இப்போது திறப்பதில்லை. முதலில் அது தகரத்தில் ஊதியது போலத்தான் இருந்தது. மூச்சு எங்கே வாங்க வேண்டும், சுரம் எங்கே வழுக்க வேண்டும் என்று வருஷக்கணக்காக உட்கார்ந்து அதைப் பழக்கி எடுத்தவள் ஷெரின். அவள் போட்ட பாட்டில் பாதிக்கு மேல் அது இருக்கும்.

வரனாக வந்த சாம்சனுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர். கிருஷ்ணன்கோவிலில் ஒரு கல்லூரி லேப்பில் வேலை, ஞாயிறு ஆலயத்தில் கீபோர்டு, மற்ற நேரம் வீட்டில் மேக் வைத்துப் பாட்டு. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் வழக்கப்படி பால்கோவாவோடு வந்தார்கள். "தலையணை வண்டிக்குப் பாட்டுப் போடுறேன்னு வாயத் தொறந்திராத ஏட்டி" என்று கிருபாபாய் முன்கூட்டியே எச்சரித்திருந்ததால், ஷெரின் சபைப் பாட்டுகளை மட்டும் சொன்னாள். இருவரையும் தனியே பேசவிட்டார்கள். பத்து நிமிஷம் கொடுத்தால் ஒரு மணி நேரம் பேசினார்கள். ரிவர்ப் என்கிற எதிரொலியை அதிகம் வைத்தால் பாட்டு கிணற்றுக்குள் விழுந்துவிடும் என்று அவன் சொன்னபோது ஷெரினுக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. தன் வேலையை விளக்கிச் சொல்லத் தேவையில்லாத ஒரு மனிதனை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பிடித்துவிட்டது. ஒளிப்பானேன்?

கிளம்பும் நேரத்தில் அவன் ஆசையாகத்தான் சொன்னான். "கல்யாணத்துக்குப் பொறவு ரெண்டு பேரும் ஒரே மேக்ல வேலை பாக்கலாம். உங்க பழச கழிச்சுக் கட்டிருங்க."

என் பிளகின் எல்லாம் என்ன ஆகும் என்று கேட்டாள். அவன் சாஃப்ட்வேரில் ஏ.யூ. என்கிற வகைப் பிளகின்தான் ஓடுமாம், அதிலேயே அருமையான வாத்தியங்கள் கிடைக்குமாம். "அந்த ஓசி வி.எஸ்.டி. எல்லாம் எதுக்குங்க?" என்று வேறு கேட்டுவிட்டான். வி.எஸ்.டி. என்பது இன்னொரு வகைப் பிளகின். ஷெரினுடையது அந்த ஓசி வகைதான், அதுவும் விண்டோஸுக்கு மட்டும் எழுதியது. ஓர் ஊர்ப் பிளக் இன்னோர் ஊர் சாக்கெட்டில் நுழையாதே, அந்தக் கதை.

அவள் வேண்டாம் என்றாள். பிடிக்காதவனை வேண்டாம் என்பது லேசு, தூங்கி எழுந்தால் மறந்துவிடும். இவள் ஒரு வாரம் கீபோர்டைத் தொடவில்லை. காரணம் கேட்டவர்களுக்குச் சொல்ல கிருபாபாய் கௌரவமான ஒரு பதிலைக் கண்டுபிடித்தாள்: பையன் வேற சபை.

சொன்னது புதன்கிழமை. ஞாயிறு ஆராதனை முடிவதற்குள் அது, பையன் வீட்டார் வேதத்தையே மாற்றிப் படிக்கிறவர்களாம் என்று வளர்ந்து, கைகால் முளைத்து, பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேர்ந்தது. சாம்சனின் அம்மா பிரிஸ்கில்லா மூன்று தலைமுறையாக ஒரே ஆலயத்தில் அதே பெஞ்சில் உட்காருகிற குடும்பத்துக்காரி. அவள் சாப்பிடாமல் படுத்துவிட்டாள். இந்தச் சம்பந்தத்தைப் பேசிவிட்டவர் போதகர் பெலிக்ஸ். பழி தன் தலையிலும் விழும் என்று தெரிந்ததும், அடுத்த சனிக்கிழமை சாயங்காலமே தாயையும் மகனையும் அழைத்துக்கொண்டு ராஜபாளையத்துக்கு வந்துவிட்டார். இந்தத் தடவை பால்கோவா இல்லை.

ஷெரினின் அப்பா மில் ஷிப்டுக்குப் போயிருந்ததால் எல்லாவற்றுக்கும் கிருபாபாய்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. போதகர் வேதாகமத்தை மடியில் வைத்துக்கொண்டு சாம்சனை விசாரித்தார். ஞானஸ்நானம் எப்போது, திடப்படுத்தல் எப்போது, பத்துக் கட்டளை சொல்லு. பாவம், அவன் வேர்க்க வேர்க்க எல்லாவற்றையும் சொன்னான். போதகர் கிருபாபாய் பக்கம் திரும்பி, நம்ம பிள்ளைதானே, இவன் எந்தச் சபை என்று சொன்னீர்கள் என்று கேட்டார். கிருபாபாய் மகளைப் பார்த்தாள்.

"அவங்க மேக், ஐயா. நான் விண்டோஸ்" என்றாள் ஷெரின்.

போதகர் மடியில் இருந்த வேதாகமத்தை மூடினார். "அது அமெரிக்காவுல இருந்து வந்ததா?"

"ரெண்டுமே அங்க இருந்துதான் ஐயா."

அவர் பொறுமைசாலி. ஷெரின் விளக்கியதை முழுக்கக் கேட்டுக்கொண்டார். கேட்டு முடித்ததும், தனக்குத் தெரிந்த ஒரே சட்டத்தை எடுத்தார். இரண்டு சபைக்காரர்கள் கட்டிக்கொண்டால் பெண்தான் பையன் சபைக்குப் போக வேண்டும், அதுதான் வழக்கம் என்றார். பிரிஸ்கில்லா தலையாட்டினாள். கிருபாபாயும் ஆட்டியதுதான் ஷெரினுக்குச் சுருக்கென்றது.

"சபை மாறிப் போனா அங்க வேற பாட்டுப் புஸ்தகம் குடுப்பாங்க ஐயா" என்றாள். "இது நான் போட்ட பாட்டு. அவங்க மேக்ல தெறக்கவே தெறக்காது. அத விட்டுட்டுத்தான் வரணும்னா நான் வரல."

பிரிஸ்கில்லா கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எழுந்திருக்கப் போகிறாள் என்று அர்த்தம்.

சனிக்கிழமை சாயங்காலம் தவசிமுத்து அந்தத் தெருவுக்கு வருகிற நேரம். வண்டி தெருமுனையில் திரும்பும்போதே நாதஸ்வரம் கேட்டது. அதன் பின்னால் ஷெரினின் குரல், இலவம்பஞ்சுத் தலையணை, கழுத்து வலி போக்கும் தலையணை என்று பாடியது. கிருபாபாய் பதறிப் போய் ஜன்னலைச் சாத்த ஓடினாள்.

"செத்த பொறுங்க, சாத்தாதீங்க" என்று சாம்சன் எழுந்து வாசலுக்கே போய்விட்டான். வண்டி கடந்து போகிறவரை அங்கேயே நின்றான். திரும்பி வந்தபோது கல்யாணப் பேச்சே அவனுக்கு மறந்து போயிருந்தது. இந்த வண்டி கல்லூரிப் பக்கமும் வரும் என்றான். மூன்று வருஷமாக இந்த நாதஸ்வரத்தைத் தேடுகிறேன், எத்தனையோ பிளகின் வாங்கிப் பார்த்துவிட்டேன், ஒன்றிலும் இந்த மூச்சு இல்லை என்றான். வண்டிக்காரரைக் கேட்டால் ராஜபாளையத்தில் ஒரு அம்மா வாசிக்கிறார்கள் என்றாராம்.

"அவங்கள எப்படியாவது பாத்துரணும். உங்களுக்குத் தெரியுமா?"

"அந்த அம்மா நாந்தான்" என்றாள் ஷெரின்.

"நீங்க நாதஸ்வரம் வாசிப்பீங்களா?"

"இல்ல. அது நீங்க கழிச்சுக் கட்டச் சொன்ன ஓசி வி.எஸ்.டி."

அவன் முகத்தை அப்போது நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அந்தக் கம்ப்யூட்டர் எந்த அறையில் இருக்கிறது என்று கேட்டான். அவள் வாசித்துக் காட்டினாள். தலையணைச் சுவர்களுக்கு நடுவில் அவன் சம்மணம் போட்டு உட்கார்ந்து கேட்டான். கேட்டுக்கொண்டே, ஃபேனை இன்னும் கொஞ்சம் சிபியூ பக்கம் திருப்பிவிட்டான். ஷெரினுக்கு அது போதுமாக இருந்தது.

முன்னறையில் மூன்றாவது காபி குடித்துக்கொண்டிருந்த போதகரிடம் இருவருமாக வந்தார்கள். "யாரும் சபை மாற வேண்டாம் ஐயா. ரெண்டு மேசை போட்டுக்கிடுதோம்" என்றான் சாம்சன். வாசித்ததை வேவ் ஃபைலாக எடுத்துக் கொடுத்தால் எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கும் என்று ஷெரின் விளக்கினாள். வேவ் என்றால் என்ன என்று போதகர் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் பொதுவாக ஏதோ ஒன்று இருக்கிறது என்றதும் உடனே ஜெபம் பண்ண ஆரம்பித்துவிட்டார்.

ஈஸ்டர் கழிந்து கல்யாணம். சீர் சாமான் ஏற்றத் தவசிமுத்து தன் வேனையே கொடுத்தார். ஓட்டியவரும் அவர்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் மாப்பிள்ளை வீட்டுத் தெருவுக்குள் திரும்பியதும் பழக்க தோஷத்தில் ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டார். பெண்ணை அழைத்து வருகிற வண்டி கழுத்து வலிக்குத் தலையணை விற்றுக்கொண்டே வந்தது. கிருபாபாய் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அந்தத் தெருப் பெண்கள் இரண்டு பேர் விலை கேட்டே வந்துவிட்டார்கள்.

பீரோ, கட்டில், பாத்திரப் பெட்டி எல்லாம் வண்டியில் இருந்தன. பட்டு வேட்டியோடு ஓடி வந்த சாம்சன் அதில் ஒன்றையும் தொடவில்லை. முன்சீட்டில் ஷெரின் மடியில் இருந்த சிபியூவை இரண்டு கையாலும் ஏந்தி இறக்கினான். வாசலை அடைத்துக்கொண்டு நின்ற சொந்தக்காரர்களை, "வழி விடுங்க, பாத்து, பாத்து. நாதஸ்வரம் உள்ள இருக்கு" என்று விலக்கிக்கொண்டே வீட்டுக்குள் போனான்.