விலாசம் கேட்ட இன்ஸ்பெக்டர்

போன சனிக்கிழமை மத்தியானம் என் மகளுக்கு மீசை ஒட்டினேன்.

சிரிக்காதீர்கள்... அது லேசுப்பட்ட வேலையில்லை. ஒரு பக்கம் ஏறினால் மறுபக்கம் இறங்குகிறது. பசை உதட்டில் பட்டால் முறைப்பு வேறு. பழுப்புக் கம்பளி நூலை வெட்டிச் சீவி அவளே செய்த மீசை. காயும்வரை அசையாமல் பிடித்திருப்பது மட்டும்தான் என் பங்கு. நானோ ஐந்து நிமிடம் ஓர் இடத்தில் நிற்க முடியாத பிறவி. இந்தப் பத்தியை விடாமல் வாசிக்கிறவர்களுக்கு அது தெரியும்.

மகள் பெயர் மிதுனா. பதினான்கு வயது, ஒன்பதாம் வகுப்பு. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மெல்பர்ன் சிட்டியில் அனிமே ரசிகர்களின் பெரிய கூட்டம். ஜப்பானியக் கார்ட்டூன் பாத்திரங்களைப் போல உடுத்துக்கொண்டு பிள்ளைகள் வருவார்கள். அவளுடைய தோழிகள் எல்லாம் வெள்ளித் தலைமுடி இளவரசன், சிறகு முளைத்த சூனியக்காரி என்று போகிறார்கள். என் மகள் மட்டும் தொப்பை வைத்த போலீஸ் இன்ஸ்பெக்டராகப் போகிறாள். அதற்குத்தான் இந்த மீசை ஒத்திகை.

“குமர்ப்பிள்ளை மீசையோட ட்ரெயின்ல போறதோ?” என்று என் மனைவி கவிதா குசினிக்குள் இருந்து கேட்டபடியே இருந்தாள்.

யார் இந்த இன்ஸ்பெக்டர்? கதை நடப்பது விக்டோரியா மகாராணி காலத்து லண்டனில். வரைந்தது ஜப்பானில். பார்ப்பது கிளென் வேவர்லியில், என் வீட்டு சோபாவில். முதலில் மங்கா என்கிற படக்கதைப் புத்தகமாக வந்து, பிறகு அனிமே ஆகியிருக்கிறது. மகளோடு உட்கார்ந்து மூன்று அத்தியாயம் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் இரண்டரை... நடுவில் கண்ணயர்ந்துவிட்டேன்.

அதில் வருகிற எல்லோருக்கும் ஒரு ரகசியம். பிரபுவுக்கு ஒன்று, பாதிரியாருக்கு ஒன்று, பால்காரனுக்கும் ஒன்று. ரகசியமே இல்லாத ஒரே ஆள் இந்த இன்ஸ்பெக்டர்தான். நனைந்த கோட், மீசை, கையில் சின்ன நோட்டுப் புத்தகம். பிரபுவாக இருந்தாலும் பூ விற்கிறவளாக இருந்தாலும் ஒரே கேள்விகள் — எங்கே இருந்தீர்கள், யார் பார்த்தார்கள், எந்தக் கதவால் போனீர்கள்? யாராவது லஞ்சமாகக் காசுப் பையை நீட்டினால், ‘இது உங்களிடமிருந்து கீழே விழுந்துவிட்டது’ என்று திருப்பிக் கொடுக்கிறார். மேலதிகாரி அறிக்கையைக் கிழித்துப் போட்டால் மறுபடி உட்கார்ந்து முதல் வரியிலிருந்து எழுதுகிறார். கதைக்குள் எல்லோரும் அவரைக் கேலி செய்கிறார்கள். பார்க்கிறவர்களும்தான்.

“ஏன் மிது, இவ்வளவு வடிவான ஆக்கள் இருக்க இந்தத் தொப்பை மாமாவைப் பிடிச்சனி?”

“அப்பா, அதில எல்லாரும் பொய் சொல்லுவினம். ஹி டஸ்ன்ட். ஹி ஈஸ் சோ எம்பரஸிங். ஐ லவ் ஹிம்.”

எனக்கும் அவரைக் கொஞ்சம் பிடித்துத்தான் இருந்தது. நான் ஓர் இன்சூரன்ஸ் கம்பனியில் க்ளெய்ம் விசாரிக்கிறவன். நின்ற கார் மீது மரம் விழுந்ததா, நின்ற மரத்தில் கார் மோதியதா என்று கண்டுபிடிப்பதுதான் பிழைப்பு. ஆகவே மனதுக்குள் அந்த இன்ஸ்பெக்டருக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு நானும் உட்கார்ந்துகொண்டேன். நம்மை நாம் எங்கே உட்கார வைக்கிறோம் என்பதில் யார்தான் கஞ்சத்தனம் பார்க்கிறார்கள்?

மீசை காய்வதற்குள் பெல் அடித்தது.

சுதன். கவிதாவின் தம்பி. டார்னெய்ட்டிலிருந்து நகரத்தைக் குறுக்கே கடந்து ஒரு மணி நேரம் கார் ஓடி வந்திருக்கிறான். ஒரு கையில் மட்டன் ரோல்ஸ் பெட்டி. மறுகையில் ஒரு பைல். மச்சான் ரோல்ஸோடு வந்தால் ஏதோ காரியம் இருக்கிறது என்று அர்த்தம். ரோல்ஸும் பைலும் சேர்ந்து வந்தால் பெரிய காரியம்.

அவன் சுற்றி வளைக்கவில்லை. அவனுடைய மகள் ஓவியா அடுத்த வருஷம் ஹைஸ்கூல். எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற அரசாங்கப் பள்ளிக்கூடத்துக்கு நல்ல பேர். ஆனால் அதற்கென்று ஓர் எல்லை உண்டு, ‘ஸோன்’ என்கிறோம். அதற்குள் குடியிருக்கிற பிள்ளைகளுக்குத்தான் இடம். சுதன் குடும்பம் எங்களோடு, எங்கள் வீட்டில் வசிக்கிறது என்று நான் ஒரு சத்தியக் கடதாசியில் கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான்.

இதைக் கேட்டு இங்கே யாரும் திடுக்கிட மாட்டார்கள். மெல்பர்னில் எங்கள் சனத்திடம் கறிவேப்பிலைக்கு அடுத்தபடியாகக் கைமாறுவது விலாசம்தான். ‘அட்ரஸ் குடுக்கிறது’ என்று அதற்கு ஒரு பேரே இருக்கிறது. கேட்டவருக்கு இல்லை என்று சொன்னால் அவன் மனுஷனே இல்லை. அதைப் பொய் என்று யாரும் சொல்வதில்லை. உதவி என்கிறோம்.

“போன் பில், பாங்க் லெட்டர் எல்லாம் உங்கட அட்ரஸுக்கு மாத்திப்போட்டன் அத்தான். இது ஒண்டுதான் மிச்சம். திங்கக்கிழமை குடுக்கோணும்.”

இரண்டு கிழமையாக எங்கள் தபால் பெட்டியில் சுதன் பெயருக்குக் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. ஏதோ தவறு என்று நினைத்திருந்தேன். கவிதா அவற்றைப் பத்திரமாக மைக்ரோவேவுக்கு மேலே அடுக்கி வைத்திருந்தாள். ஊரெல்லாம் விசாரிக்கிற மூளை என் வீட்டுக்குள் மட்டும் வேலை செய்யவில்லை, பார்த்தீர்களா?

பேனையை எடுத்தேன். வைத்தேன். தேத்தண்ணி போடுகிறேன் என்று எழுந்தேன். கேத்திலைப் போட்டுவிட்டுத் தபால் பெட்டிவரை போய் வந்தேன் — சனிக்கிழமை தபால் வராது என்று தெரிந்தும். கேத்தில் கொதித்து அடங்கியிருந்தது. மறுபடி போட்டேன். பொய்ச் சத்தியத்துக்குத் தண்டனை உண்டு என்று படிவத்தின் அடியிலேயே அச்சடித்திருக்கிறது. வெளியே தெரிந்தால் என் வேலை போகும். ஆனால் ஓவியா எனக்கும் பிள்ளை மாதிரித்தானே? அவளுக்கு இல்லை என்று சொல்ல வாய் வருமா?

“இஞ்சரப்பா, நடந்து திரியாம வந்து இருங்கோவன்,” என்றாள் கவிதா. “உலகத்தில இல்லாத உதவியே கேட்டவன்?”

அப்போதுதான் மிதுனா மேசைக்கு வந்தாள். மீசை ஒரு பக்கம் ஒட்டியும் ஒரு பக்கம் தொங்கியும். தலையில் ஒப் ஷொப் என்கிற பழைய சாமான் கடையில் வாங்கிய தொப்பி. ரோல்ஸ் எடுக்கத்தான் வந்தாள். படிவம் கண்ணில் பட்டுவிட்டது.

“மாமா, ஓவியா எங்களோட இருக்கப் போறாளா?” குரலில் சந்தோஷம்தான். “எந்த ரூம்?”

“இல்லை, செல்லம். பேப்பரில மட்டும்.”

“அப்ப ஸ்கூலுக்கு எப்பிடி வருவாள்?”

“நான் கொண்டு வந்து விடுவன்.”

“ஸ்கூல் முடிஞ்சா எங்க நிப்பாள்?”

“லைப்ரரியில நிக்கலாம்தானே. நீயும் அப்பிடித்தானே நிண்டனி?”

சொல்லிவிட்டுச் சுதன் ரோல்ஸைக் கடித்தான். நான் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

ஆமாம் வாசகர்களே... இரண்டு வருஷத்துக்கு முன்னால் நாங்கள் டான்டினோங்கில் வாடகை வீட்டில் இருந்தோம். மிதுனாவுக்கு இந்த ஸ்கூலில் இடம் கிடைத்தது, பாலா என்ற நண்பர் கொடுத்த விலாசத்தால். கையெழுத்து அவருடையது. பொய் என்னுடையது. பதினொரு மாதம் அப்படி ஓட்டினோம். பிறகுதான் ஸோனுக்குள் இந்த வீடு கிடைத்தது. விலாசம் உண்மையாகிவிட்டது. நானும் அந்தக் கதையை மறந்துவிட்டேன். இல்லை, நினைக்காமல் இருந்தேன்.

மிதுனா ஒரு கதிரையை இழுத்து உட்கார்ந்தாள்.

“நான் லைப்ரரியில மட்டும் நிக்கேல்ல மாமா.”

பாதி ஆங்கிலம், பாதி தமிழில் சொன்னாள். ஸ்கூல் விட்டதும் அவளுடைய தோழிகள் பாலா வீட்டுத் தெருவால்தான் நடந்து போவார்களாம். அந்த வீட்டு இலக்கத்தைத்தான் தன் வீடென்று அவர்களுக்குச் சொல்லி வைத்திருந்தாள். யார் கேட்டாலும் அதைத்தான் சொல்ல வேண்டும் என்று பாடமாக்க வைத்தவன் நான், பன்னிரண்டு வயதுப் பிள்ளையை. ஆகவே தினமும் அவர்களோடு கதைத்துக்கொண்டு நடந்து வந்து, ‘பை’ சொல்லி, பாலா வீட்டு கேட்டைத் திறந்து உள்ளே போவாள். வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். அவளிடம் சாவி இல்லை. பக்கவாட்டில், வேலிக்கும் குப்பை பின்களுக்கும் நடுவே நிற்பாள். தோழிகள் தெருமுனை திரும்பியதும் வெளியே வந்து, திரும்ப லைப்ரரிக்கு நடப்பாள். ஐந்து மணிக்கு நான் அங்கே போய் ஏற்றிக்கொள்வேன். இன்றைக்கு என்ன படித்தாய் என்று வேறு கேட்பேன்.

“மழை பெஞ்சா?” கவிதாதான் கேட்டாள்.

“நனைவன்.”

மிதுனாவே தொடர்ந்தாள். “ஒரு நாள் எமிலி டொய்லெட் போகோணும், உன்ர வீட்டை வரட்டா எண்டாள். நான் கீ தொலைஞ்சு போச்சு எண்டன். அடுத்த கிழமையும் கேட்டாள். திரும்பவும் கீ இல்லை எண்டன். அதுக்குப் பிறகு அவள் என்னோட வரேல்ல.”

“ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்ல?” என்றேன்.

“ஒருத்தருக்கும் சொல்லக் கூடாது எண்டு நீங்கள்தானே சொன்னீங்கள்.”

அவள் அழவில்லை. கோபப்படவும் இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்ன மாதிரிச் சொல்லி முடித்து, இரண்டு ரோல்ஸை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விட்டாள். தினமும் அந்தத் தெருவால் நானும்தான் காரில் போய் வந்தேன். என் பிள்ளை பின்களுக்கு நடுவில் நிற்கிறாள் என்று எனக்குத் தெரியாது.

படிவத்தைச் சுதன் பக்கம் தள்ளினேன். “ஏலாது சுதன்.”

அவன் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

“உங்கட பிள்ளை உள்ளுக்குப் போயிட்டாள் அத்தான். இப்ப நியாயம் கதைக்கிறியள். ஏறி வந்த ஏணிய எட்டி உதைக்கிறியள்.”

அவன் சொன்னதில் ஒரு சொல்லாவது பொய்யா? ஓவியாவுக்குக் கிழமைக்கு ஒருநாள் நான் வந்து கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன் என்றேன். சொல்லும்போதே எனக்குக் கேவலமாக இருந்தது. அவன் பைலை மூடினான்.

கவிதா என்னைத் திட்டப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவளோ மைக்ரோவேவ் மேலிருந்த கடிதங்களை எடுத்துத் தம்பியின் கையில் கொடுத்தாள்.

“இவர் சொன்னதுக்காக இல்லையடா. பிள்ளை மழைக்குள்ள நிண்டிருக்கிறாள்.”

சுதன் போய்விட்டான். வேறு யாரிடமாவது விலாசம் வாங்கினானா என்று தெரியாது. அன்றிலிருந்து என் போனை அவன் எடுப்பதில்லை.

ஞாயிறு காலை மீசையை ஒட்டியது கவிதா. இன்ஸ்பெக்டரை ரயில் ஸ்டேஷனில் இறக்கிவிட்டு வீட்டுக்கென்றுதான் காரைத் திருப்பினேன். கார் பாலா வீட்டுத் தெருவுக்குப் போய்விட்டது. இறங்கிப் பார்த்தேன். வேலி, மூன்று பின்கள், நடுவில் கொஞ்சம் சீமெந்துத் தரை. ஒரு சின்னப் பிள்ளை பையைக் கழற்றாமல் நிற்கலாம். எனக்கு அங்கே நிற்க இடம் போதாது. இரண்டு தரம் அந்தத் தெருவைச் சுற்றி வந்தேன். பாலா வெளியே வந்துவிடுவாரோ என்று பயம் வேறு.

அந்தக் கார்ட்டூன் இன்ஸ்பெக்டருக்குப் பக்கத்தில் கதிரை போட்டது என் தப்பு. அவர் வேலை போகும் என்று தெரிந்தே உண்மையை எழுதுகிறவர். நான் என் காரியம் முடிந்து இரண்டு வருஷம் கழித்து நேர்மையானவன். ஊருக்கு உபதேசம் செய்ய இதைவிடத் தோதான நேரம் ஏது? நம்மில் பலருடைய நேர்மை அப்படித்தான் — பிள்ளைக்கு அட்மிஷன் கிடைத்த பிறகு வருகிறது.

எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். சுதன் வாசிப்பான். பாலா வாசித்துவிட்டு போன் எடுத்துத் திட்டுவார். நீங்களும் ஏதாவது சொல்வீர்கள், கேட்டுக்கொள்கிறேன். வாசிக்கப் போகாத ஒரே ஆள் மிதுனாதான். ஆறு வருஷம் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பியும் அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது.

அவளிடம் மட்டும் முகத்தைப் பார்த்து, வாயால்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

இன்னும் கேட்கவில்லை.