ஒரு தடவை மட்டும் சொல்பவர்

“எச்சரிக்கையை நான் ஒரு தடவைதான் சொல்லுவேன். மந்திரியே வந்து நின்னாலும் ரெண்டாவது தடவை கிடையாது!” என்று மருந்துக்கடைக்காரர் முழங்கியபோது, இருமல் மருந்துக்கு வந்த பெரியவர் இருமலையே நிறுத்திக்கொண்டார்.

இருபத்திரண்டு வருடம் இந்த விரதம் காக்கப்பட்டது. வாடிக்கையாளரின் முகத்தைப் பார்க்காமல், உச்சந்தலையைப் பார்த்து ஒரே மூச்சில் ஒப்பிப்பார். வீட்டில் மனைவி “என்ன சொன்னீங்க?” என்றால் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார்.

அவருக்கு ஒரு சகலை உண்டு. பதினோரு வருடப் பகை. காரணம் இருவருக்கும் மறந்துவிட்டது. பகை மட்டும் பத்திரமாக இருந்தது. மனச்சோர்வுக்கு மருத்துவர் எழுதிய மாத்திரை வேறெங்கும் கிடைக்காததால்தான் சகலை இந்தக் கடைப் படியேறினார்.

“மூளையில ஒரு நொதி இருக்கு. மனசைத் தெம்பா வைக்கிற ரசாயனத்தை எல்லாம் உடைச்சுப் போடும். இந்த மாத்திரை அதோட கையைக் கட்டிடும். நாள்பட்ட சீஸ் கூடாது, மூக்கடைப்பு மாத்திரை கூடாது, ரத்த அழுத்தம் எகிறிடும். அடுத்து யாரு?”

“நல்லா இருக்கிற மனசை உடைக்குமா? அந்த நொதிக்குத்தான் வெள்ளைக் கோட்டு மாட்டி இங்க உக்கார வெச்சிருக்காங்களா சகலை?”

வரிசையே சிரித்தது. அன்றிலிருந்து தெருவில் கடைக்காரர் பெயர் ‘நொதி’.

பத்து நாள் கழித்து சகலை தும்மிக்கொண்டே வந்தார். “மூக்கடைப்புக்கு ஒரு மாத்திரை குடுங்க.”

“கிடையாது.”

“பின்னாடி அடுக்கி வெச்சிருக்கே!”

“உங்களுக்குக் கிடையாது.”

“பட்டப்பேரு வந்த கடுப்பா? வெச்சு நீங்களே முழுங்குங்க. அடுத்த தெருவுல கடை இல்லாமலா போச்சு!”

சகலை போய்விட்டார். காரணத்தைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அதுதான் அன்றைக்கே ஒரு தடவை சொல்லியாகிவிட்டதே! கடைக்காரர் கொள்கையோடு விறைத்து நின்றார். அடுத்தவர் நீட்டிய சீட்டை மூன்று முறை படித்தும் ஓர் எழுத்துகூட மண்டையில் ஏறவில்லை. சட்டென்று சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கோட்டு பறக்க ஓடினார்.

அடுத்த தெருக் கடை வாசலில் சகலையின் ஒரு கையில் மாத்திரை, மறு கையில் தண்ணீர் பாட்டில்.

“சகலை, அதைப் போடாதீங்க. நீங்க சாப்பிடுற மாத்திரையோட சேர்ந்தா உயிருக்கே ஆபத்து.”

“என்ன? காது அடைச்சிருக்கு. திட்டணும்னா சத்தமா திட்டுங்க.”

கடைக்காரர் மூச்சு வாங்கினார். பக்கத்தில் போய், முதல் முறையாக அந்த முகத்தைப் பார்த்து, ஒவ்வொரு வார்த்தையாக மறுபடி சொன்னார். சகலை மாத்திரையைக் கீழே வைக்கும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார்.