ஒரே தடவையில் விழுந்த ரேகை

நான்கு வருடங்களுக்கு முன்பு நடந்தது இது. மொரப்பூரிலிருந்து டவுன் பஸ்ஸில் போகும் தூரத்தில் இருந்த ஒரு கிராம வங்கிக் கிளையில் அப்போது நான் கிளார்க். தினமும் காலையில் சேலத்தில் ரயில் ஏறி, மொரப்பூரில் இறங்கி, பஸ் பிடித்துப் போவேன். வங்கி வேலை என்றதும் ஏசி அறை, சுழல் நாற்காலி என்று எங்கள் வீட்டில் ஊரெல்லாம் பெருமை பேசியிருந்தார்கள். போய்ப் பார்த்தால் நாற்காலி சுழலத்தான் செய்தது, ஒரு பக்கமாக மட்டும். மேனேஜர், கேஷியர், நான் என்று மூன்றே பேர். மேனேஜர் பாதி நாள் கடன் வசூலுக்கு ஊர் ஊராகப் போய்விடுவார். மழை தூறினால் நெட் போய்விடும். வரிசையில் நிற்பவர்களின் கோபம் முழுக்க என் தலையில் விடியும்.

கைரேகை மெஷின் என் மேஜையில்தான் இருந்தது. கைக்குள் அடங்குகிற சின்னப் பெட்டி. மாத உதவித்தொகை வாங்க வரும் விதவைகளும் வயதானவர்களும் அதில் விரல் வைக்க வேண்டும். ஆதாரில் உள்ள ரேகையோடு ஒத்துப்போனால் பச்சை டிக் வரும். இல்லாவிட்டால் சிவப்பில் ‘பொருந்தவில்லை’. அந்த ஊரில் இதற்கு ‘ரேகை விழுவது’ என்று பெயர். “எனக்கு விழுந்துச்சுங்களா மேடம்?” என்று எட்டி எட்டிப் பார்ப்பார்கள்.

பெரும்பாலும் விழாது. அந்தப் பக்கத்துப் பெண்களுக்குப் புளி தட்டுகிற வேலை. புளி மண்டியில் உட்கார்ந்து பழத்தின் ஓட்டை உடைத்து, நாரை உரித்து, கொட்டையை எடுத்துக்கொண்டே இருந்தால் விரல் என்ன ஆகும்? நுனியெல்லாம் கறுத்து, தோல் உரிந்து, வழவழவென்று ஆகிவிடும். ரேகை என்று ஒன்று இருந்தால்தானே விழுவதற்கு. நானும் என் வழிகளை வைத்திருந்தேன். மேஜை டிராயரில் ஒரு ஈரத்துணி, ஒரு சின்ன பாட்டிலில் தேங்காய் எண்ணெய். அவர்கள் விரலைத் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி, என் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துச் சூடாக்குவேன். போகப்போக முகத்தைவிடக் கையைப் பார்த்தால்தான் எனக்கு ஆள் யாரென்று சட்டென்று தெரிந்தது.

அவர்களில் ஒரு அக்கா. நாற்பத்தைந்து வயது இருக்கலாம். கணவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. அவரோடு மண்டியில் வேலை செய்யும் ஒல்லியான ஒரு பெண்ணும் கூடவே வருவாள், அவளும் விதவைதான். அந்த அக்கா பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தாலும் பெட்டி மசியாது. அப்படி விழாதவர்களுக்கு மேனேஜர் கையெழுத்துப் போட்டுப் பணம் கொடுக்கலாம். மேனேஜர் இருந்தால்தானே? “நாளைக்கு வாங்கக்கா” என்று நான் சாதாரணமாகச் சொல்லிவிடுவேன். அவருக்கோ அரை நாள் கூலி போச்சு. அந்த உதவித்தொகையில்தான் அவர் வீட்டு வாடகை கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் சலித்துப்போய், “எம் மூஞ்சி உங்களுக்குத் தெரியுது, கேசியருக்குத் தெரியுது. இந்தப் பொட்டிக்கு மட்டும் நான் யாருன்னு தெரியலீங்களே” என்றார்.

“பொட்டிக்குக் கண்ணு சரியில்லக்கா.”

“அப்ப கண்ணு டாக்டருகிட்டக் காட்டுங்க மேடம்” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். கேஷியர் அன்று சாயங்காலம் வரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

பிறகு சில மாதங்கள் அவர் வரவில்லை. மார்ச் மாதக் கணக்கு முடிப்பு, டார்கெட், மேலிடத்துப் போன் என்று நாங்கள் அல்லாடிக்கொண்டிருந்ததில் அது என் மனதில் படவே இல்லை. ஜூன் மாதம் ஒருநாள் வரிசையில் அந்த ஒல்லிப் பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். முறை வந்ததும் என் எதிரில் உட்கார்ந்து, கேட்காமலேயே விரலை வைத்தார். நான் டிராயரை இழுத்து எண்ணெய் பாட்டிலைத் தேடிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் பச்சை டிக்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. “சார், அக்காவுக்கு ஒரே தடவைல விழுந்துடுச்சு” என்று கேஷியரைப் பார்த்துக் கத்தினேன். அவர் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் கைதட்டினார். வரிசையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். அந்தக் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, “என்னக்கா இது, மகாராணி கை மாதிரி மெத்துன்னு இருக்கு. என்ன கிரீம் போடறீங்க?” என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. “வேலைக்குப் போயி நாலு மாசம் ஆச்சுங்க மேடம். வவுத்துல கட்டின்னு தருமபுரி பெரிய ஆஸ்பத்திரில படுத்துட்டேன். கை சும்மாதான கெடக்குது, தோலு வளந்துக்கிச்சு.” கையை மெல்ல என்னிடமிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். “ஒழச்சப்ப விழல. இப்ப விழுந்து என்ன பண்றதுங்க.”

அவர் பணத்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு போகும்வரை என்னால் தலைநிமிர முடியவில்லை. அவ்வளவு அவமானமாக இருந்தது.

அடுத்த மாதம் ஆட்டோவில் வந்தார். இறங்க முடியவில்லை என்று ஒல்லிப் பெண் வந்து சொன்னாள். பெட்டியை எடுத்துக்கொண்டு நானே வாசலுக்குப் போனேன். ஆட்டோ சீட்டில் சாய்ந்து கிடந்தவரின் கை சில்லென்று இருந்தது. பழைய வழக்கப்படி அதை என் கைகளுக்குள் வைத்துத் தேய்த்தேன்.

“எதுக்குங்க தேய்க்கறீங்க? சும்மா வச்சாலே விழுதே.”

“இருக்கட்டுங்கக்கா” என்றேன். இந்த ஒரு தடவை ‘பொருந்தவில்லை’ என்று வந்துவிடாதா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. பச்சை டிக் வந்தது.

அதற்கடுத்த மாதம் ஒல்லிப் பெண் மட்டும் வந்தாள். அக்கா எங்கே என்று கேட்டேன். “போயிட்டாங்க மேடம். போன வாரந்தான் காரியம் முடிஞ்சுது” என்று சொல்லிவிட்டு, தன் விரலைப் பெட்டியில் வைத்தாள். விழவில்லை. துடைத்தேன், எண்ணெய் தடவினேன், தேய்த்தேன். வேறு விரல்களையும் வைத்துப் பார்த்தோம். ஒன்றும் விழவில்லை.

“இன்னிக்கும் விழலீங்களா? செரி, நாளைக்கு வர்றனுங்க” என்று எழுந்தாள்.

கறுத்துப்போன அந்த விரல் நுனிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். விழாமலே இருக்கட்டும் என்று வாய்வரை வந்துவிட்டது. “நாளைக்கெல்லாம் வேண்டாம், உக்காருங்க” என்று என் பக்கத்து ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டு மேனேஜருக்குப் போன் போட்டேன். கம்பைநல்லூரில் வசூலில் இருந்தவர் சலித்துக்கொண்டார். நான் விடவில்லை. அவர் திரும்பி வந்து கையெழுத்துப் போட்ட பிறகுதான் அவளை அனுப்பினேன்.

இப்போது வேறு கிளைக்கு மாற்றலாகிவிட்டேன். இங்கேயும் புளி தட்டும் பெண்கள் வருகிறார்கள். யாருக்காவது விரல் வைத்ததுமே பச்சை டிக் வந்துவிட்டால் மற்றவர்கள் சந்தோஷப்படுகிறார்கள். நான் மட்டும் “வேலைக்குப் போயிட்டுத்தானேக்கா இருக்கீங்க?” என்று தாழ்ந்த குரலில் கேட்டு, பதில் வரும்வரை அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.