கால் வைக்க இடமில்லாத வேலி

முப்பது வருஷமாக முசுடு என்று பேரெடுத்த வெல்டர், மேம்பாலத் தடுப்பு வேலியின் வரைபடத்தைப் பார்த்ததுமே சிடுசிடுத்தார். குறுக்குக் கம்பிகள் ஏணிப்படி மாதிரி இருந்தன. அத்தனையையும் நெட்டுக்குத்தாக நிறுத்திப் பற்றவைக்கத் தொடங்கினார்.

மறுநாள் பொறியாளர் வந்து குதித்தார். "யாரைக் கேட்டு மாத்துனீங்க?"

"கால் வைக்க எடம் குடுத்தா அது வேலியா சார்?"

"சாகணும்னு முடிவு பண்ணவன் வேற எடம் தேடிப் போவான். இதுக்குப் போய் மல்லுக்கட்டுறீங்களே!"

வெல்டர் முகக்கவசத்தை மேலே தூக்கினார்.

"இருபது வயசுல, இப்படி ஒரு வேலியில ஏற முடியாம, அதையே புடிச்சுக்கிட்டு அழுதேன் சார். அப்புறம் வீட்டுக்குத்தான் போனேன். வேற எடம் தேடல."

வெல்டர் முகக்கவசத்தை மறுபடி இறக்கிக்கொண்டார்.

"சும்மா நிக்காதீங்க. கம்பியப் புடிங்க, ஆடுது."